நான்கு விநாடி வீச்சு

மார்ச் பிறந்ததும் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டைச் சூழ்ந்த வயல்களுக்குப் பன்றிச் சாணக் கரைசலை விசிறத் தொடங்கிவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு அந்த வாடை ஊரை விட்டு அகலாது. உலரப்போட்ட துணியில் ஏறும். கதவைத் திறந்த மாத்திரத்தில் குசினிக்குள் நுழைந்து கொதிக்கும் சொதியோடு போட்டி போடும். மேற்குக் காற்றோ ஓய்வென்பதை அறியாதது. அந்தக் காற்றை எதிர்த்துச் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தபோது, பவளராணிக்கு இறங்கி நிற்பதற்கே ஒரு சுவர் தேவைப்பட்டது.

காலை ஏழு மணி முதல் முதியோர் இல்லத்தில் ஆறு பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, உண்ணச் செய்து, மறுபடி கிடத்திவிட்டு வந்திருந்தாள். இருபத்தோராவது ஆண்டாக அதே வேலை. ஐம்பத்தாறு வயதில் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியே முறையிடத் தொடங்கியிருந்தன.

முற்றத்தில் வண்டி நின்றது. வண்டிக்குள் அவள் கணவர் குருசுமுத்து அமர்ந்திருந்தார். அவர் எங்கும் புறப்படவில்லை. எங்கிருந்தும் வந்தவரும் அல்லர். பிற்பகல் தோறும் அவர் இருக்கும் இடம் அதுவே. வீட்டிலுள்ள எந்த நாற்காலியிலும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் இருக்க இயலாது. வண்டியின் முன் இருக்கையில் மட்டும் இரண்டு மணி நேரம் வலியை மறந்திருப்பார்.

இருபத்துநான்கு ஆண்டுகள் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர் அவர். தொங்கிக்கொண்டு நகர்ந்து வரும் உடல்களில் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே வெட்டு. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். வலத்தோள் முதலில் போயிற்று. இரண்டு தடவை அறுவை செய்தார்கள். இரண்டாவதற்குப் பிறகு கை நெஞ்சுக்கு மேலே எழ மறுத்தது. பிறகு முதுகும் தோளைப் பின்பற்றியது. அவர்களிடம் முன்பிருந்த சிறிய கார் தரையோடு தரையாக இருந்தது. அதற்குள் அவர் விழ வேண்டும், வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே சென்ற இலையுதிர் காலத்தில், ஹேர்னிங்கில் வேட்டைக்குப் போகும் டேனிஷ்காரர் ஒருவரிடமிருந்து, பதினோராண்டு பழைய, உயரமான எஸ்யூவி ஒன்றை வாங்கினார்கள். இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது. உள்ளே மூன்று நாய்கள் வாழ்ந்த அடையாளம் அப்படியே இருந்தது.

ஆறு சனிக்கிழமைகள் அந்த வண்டிக்குப் போயின. பவளராணியும் மகன் றொனிஷனும் இருக்கைகள் எல்லாவற்றையும் கழற்றிப் புல்லின்மேல் வைத்தார்கள். நாய்மயிர் ஏறிய கம்பளத்தைப் பிடுங்கி எறிந்து இறப்பர் விரிப்பை இட்டார்கள். கூரையின் உட்துணியைச் சவர்க்கார நுரையால் கழுவினார்கள். உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கும் முற்றமொன்றில், அதே வகையின் விலை கூடிய வண்டியிலிருந்து, இடுப்பையும் முதுகையும் பொத்தானால் தாங்கவைக்கும் முன் இருக்கை ஒன்று கிடைத்தது; அதைப் பூட்டினார்கள். இருந்தவாறே திரும்பி இறங்குவதற்குச் சுழலும் மெத்தை, இடக்கையால் பற்றி ஏறுவதற்கு ஒரு கைப்பிடி, வலக்கையைக் கிடத்துவதற்கு அவள் தைத்த நீள்தலையணை, இவை யாவும் ஒவ்வொன்றாக வந்தன. அந்த ஆறு சனிக்கிழமைகளும் குருசுமுத்து தோட்டத்துக் கதிரையில் ஒரு போர்வையோடு அமர்ந்து, எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். கட்டளைகளில் பாதி பிழை. அதை அவர்கள் அவருக்குச் சொன்னதில்லை.

பவளராணி வண்டிக் கதவைத் திறந்தாள்.

“தேத்தண்ணி குடிச்சீங்களோ?”

“குடிச்சன். தம்பி ஊத்தித் தந்தவன்.” அவர் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்தவாறே சொன்னார். “கொம்யூனிலயிருந்து கடிதம் வந்திருக்கு. நீ வேலையில நிக்கிறாய் எண்டு தம்பி உனக்குச் சொல்லேல்லையாம்.”

“என்னவாம்?”

“அவனைக் கேள். எனக்கு அதை ரெண்டாந்தரம் சொல்ல ஏலாது.”

அவர் தம்பி என்றழைக்கும் மகன் றொனிஷன் குசினி மேசையில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. ஓடென்ஸவில் கணினி படித்துவிட்டு, அலுவலக வேலை வேண்டாம் என்று வந்து, பக்கத்துப் பட்டினத்துக் கடையொன்றில் அரைநேரம் பெட்டி அடுக்குகிறவன். மீதி நேரத்தில் தன்னந்தனியே ஒரு விளையாட்டை உருவாக்கி, அதைத் தொலைபேசிகளில் வெளியிட்டும் விட்டான். அவன் நகராட்சிக் கடிதத்தைத் தமிழில் சொல்ல முயன்று, முடியாமல், டேனிஷிலேயே படித்தான்.

பிரசையின் செயல்திறன் குறித்துப் புதிய தகவல்கள் கிடைத்துள்ளன. அவற்றைக் கருத்திற்கொண்டு முற்கூட்டிய ஓய்வூதியத்துக்கான பரிந்துரை நிறுத்திவைக்கப்படுகிறது. வியாழக்கிழமை பத்து மணிக்குச் சமூகமளிக்கவும்.

மூன்று வாக்கியங்கள். குருசுமுத்து என்ற பெயர் அவற்றுள் ஒன்றிலும் இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் அந்நாட்டின் இறைச்சியை வெட்டி, வரியைத் தவறாது செலுத்தி, ஒரு தோளை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதனை ‘பிரசை’ என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது எவ்வளவு எளிது! பரிந்துரை நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரை மறுபடி ‘வேலைச் சோதனை’க்கு அனுப்புவார்கள்: ஏதேனுமொரு களஞ்சியத்தில், வாரத்துக்கு இருபது மணி நேரம், நின்றுகொண்டு. முன்பொரு சோதனையில், பழைய துணிகளைத் தரம் பிரிக்கும் இடத்தில், மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. அடுத்த சோதனையிலிருந்து எழுவார் என்ற நம்பிக்கை பவளராணிக்கு இல்லை.

“புதுத் தகவல் எண்டால்?” என்று கேட்டாள்.

றொனிஷன் தொலைபேசியை அவள் பக்கம் திருப்பினான். கடிதத்தின் அடியில் ஓர் இணைப்பு இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை, பிப்ரவரி மாதச் செய்தி, அதன் மேலே ஒரு காணொளி. காணொளியில் அவளுடைய யன்னல் சீலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்து நின்றது.

அவள் கதிரையை இழுத்து அமர்ந்தாள்.

அது அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நடந்தது. றொனிஷனின் விளையாட்டில் அப்பாவின் ஊரான பேசாலைப் பக்கத்துக் கடல்போல ஒரு கடல்; அதில் சிறிய வள்ளம்; வள்ளத்தில் ஒரு மனிதன். அவன் வலை வீச வேண்டும், காத்திருக்க வேண்டும், இழுக்க வேண்டும். அவ்வளவே. வெட்டுக்குத்து இல்லை, ஓட்டம் இல்லை. அப்பாவிடம் முதல் தடவை காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, கடலுக்குப் போன ஒருத்தன் ஒண்டும் கதையாமல் நிற்கிறான், இதை ஆர் விளையாடப்போகினம் என்று கேட்டார். வலை வீசும் காட்சி வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இவன் மீன் பிடிக்கேல்லையடா. பாய் உதறுறான்.”

இணையத்தில் பார்த்துத்தான் செய்தேன் என்றான் மகன். இணையத்தில் எறிகிறவனும் பாய்தான் உதறுகிறான் என்றார் தகப்பன். அவர் பதினெட்டு வயது வரை வீச்சுவலை எறிந்தவர். டென்மார்க்கில் அத்தகைய வலைக்கு எங்கே போவது? பவளராணிதான் உள்ளே போய்ச் சாப்பாட்டறை யன்னலின் மெல்லிய பின்னல் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வண்டி இருக்கைகளிலிருந்து கழற்றிய நட்டுகளைச் சீலையின் ஓரத்தில் ஈயக் குண்டுகளுக்குப் பதிலாகத் தைத்தவளும் அவளே. அவரைச் சிரிக்கவைக்க ஏதேனும் கிடைத்தால் போதும் என்றிருந்த காலம் அது.

றொனிஷன் தொலைபேசியால் படம் பிடிக்க, அவர் கதிரையிலிருந்து எழுந்தார். சீலையின் ஒரு பங்கை இடமுழங்கையில் மடித்துப் போட்டார். ஒரு நட்டைப் பல்லில் கடித்தார். இடுப்பிலிருந்து ஒரு திருப்பம். வலக்கை எழாத உயரத்துக்கு எழுந்தது. சீலை பறந்து, முழு வட்டமாக விரிந்து, ஒரு கணம் நின்று, புல்லின்மேல் கிடந்த வண்டி இருக்கைகளை அப்படியே மூடி விழுந்தது. பவளராணி கை தட்டினாள். எல்லாமாக நான்கு விநாடி.

அவர் இடக்கையால் வலத்தோளைப் பிடித்தபடி, எடுத்தாச்சோ, போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பதினொரு நாள் அந்தக் கையால் ஒரு கோப்பையைத் தூக்கவில்லை. நித்திரையும் இல்லை. பவளராணி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

விளையாட்டில் அந்த வள்ளக்காரன் இப்போது சரியாக வீசுகிறான். ஒருமுறை வீசியவன் மறுமுறையும் வீசுவான். நூறு தடவை வீசினாலும் களைக்க மாட்டான். அவனுக்குத் தோள் இல்லை, கணக்குகள் மட்டுமே. சில ஆயிரம் பேர் அதைத் தங்கள் தொலைபேசிகளில் இறக்கிக்கொண்டார்கள். றொனிஷன் விளையாட்டின் வீச்சையும் அப்பாவின் வீச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டான். அதைக் கண்டு பத்திரிகையாளர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

அந்தப் பத்திரிகையாளரிடந்தான் குருசுமுத்து அந்த வார்த்தையைச் சொன்னார். முற்றத்தில் நின்ற வண்டியைக் கண்டு, உள்ளே எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறது, யார் செய்தது என்று அவர் வியந்து கேட்க, இவர் தமது தொழிற்சாலை டேனிஷில் ‘நான்’ என்றார். மனைவியும் மகனும் திருகாணி கழற்ற, தாம் போர்வையோடு கதிரையில் இருந்ததாக ஓர் ஆண்மகன் எப்படிச் சொல்வான்? அது பொய்யென்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. விருந்தினருக்கு நல்ல கோப்பையில் தேநீர் கொடுப்பது போன்ற ஒன்று. பத்திரிகையில் அது இப்படி வந்தது: முன்னாள் இறைச்சித் தொழிலாளி குடும்பத்தின் வண்டியைத் தம் கையாலேயே புதுப்பித்து, அதே கையை மகனின் விளையாட்டுக்கும் கொடுத்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது கோயிலே அவரைச் சூழ்ந்துகொண்டது. ஹேர்னிங்கிலிருந்து வரும் பீற்றர், அண்ணைக்குக் கையில் இன்னும் சத்து இருக்கு, இனிக் கோயில் மண்டபத்துக் கூரையை அண்ணையை வைச்சே வேயலாம் என்று பகிடி விட்டார். வேலையை விட்டபின் வந்த ஆறு ஆண்டுகளில் தன் கணவர் அன்றுபோல் சிரித்து அவள் கண்டதில்லை. வீடு திரும்பும் வழியில், வண்டி விடயத்தை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் புட்டும் விளைமீன் குழம்பும் மேசைக்கு வந்தன. குருசுமுத்து நின்றுகொண்டே இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். றொனிஷன் தட்டைத் தொடவில்லை.

“அப்பா, நாளைக்கு நோவுக் குளிசை போடாதைங்கோ.”

“ஏன்?”

“போட்டீங்களெண்டால் நேரா இருப்பீங்கள். போனமுறையும் ரெண்டு போட்டிட்டு, கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு போய், அந்தக் கொம்யூன் மனிசி எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேக்க, தெ கோர் கொட், நல்லாப் போகுது எண்டனீங்கள். அவள் அதை அப்பிடியே எழுதினவள்.”

“பின்னை என்னண்டு சொல்லுறது? அந்தப் பிள்ளை மரியாதையாச் சுகம் கேக்குது. நான் என்ர வருத்தக்கதையை அவிழ்க்கிறதே?”

“அது சுகம் கேக்கிறது இல்லை, அப்பா. அது கேள்வி.”

“குளிசை போடாமல் போய், அவைக்கு முன்னால முனகிக்கொண்டு இரு எண்டுறாய். நான் நடிக்கப் போகேல்லையடா.”

“குளிசை போட்டிட்டுப் போறதுதான் நடிப்பு.” இதை அவன் டேனிஷில் சொன்னான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் போய்விடும்.

குருசுமுத்து கரண்டியை மேசையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

“நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருசம். ஒரு நாள் ஊத்தை உடுப்போட ஒரு கந்தோருக்குள்ள போனதில்லை. ஒருத்தனுக்கு முன்னாலயும் ஐயோ எண்டதில்லை. நாளைக்கும் போகமாட்டன். அந்தப் பென்சன் தந்தாத் தரட்டும். தராட்டி நான் வேலைக்குப் போறன்.”

“எந்தக் கையால?” என்று மகன் கேட்டான்.

பவளராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் எஞ்சிய குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடினாள். இருவரும் சொன்னது சரியென்றே அவளுக்குப் பட்டது. அதுவே அவளை மேலும் களைக்கச் செய்தது. ஒருவரேனும் பிழையாக இருந்திருந்தால் சண்டை பிடித்துவிட்டு ஓய்ந்திருக்கலாம்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு விடுப்பு எடுத்தாள். கணவரை ஆயத்தப்படுத்த ஐம்பது நிமிடம் பிடித்தது. வழக்கம்போல் படுக்கையறைக் கதவைத் தாழிட்டே எல்லாம் நடந்தது. எட்டரை மணிக்கு அவர் குளிசைப் பெட்டியை நீட்டச் சொன்னார். நீட்டினாள். இரண்டு எடுத்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, அவள் தண்ணீரும் கொடுத்தாள். கருநீலக் கோட்டு, வெண்சட்டை, கழுத்துப்பட்டி. கண்ணாடியில் பார்த்தால், யாரோ ஒருவருடைய மகளின் திருமணத்துக்குப் போகிறவரைப் போல் இருந்தார்.

கொம்யூன் அலுவலகம் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, பக்கத்துப் பட்டினத்தில் இருந்தது. பவளராணி வண்டியை ஓட்டினாள். றொனிஷன் பின் இருக்கையில் இருந்தான். மழை தூறலாகவும் இல்லாமல் மழையாகவும் இல்லாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

குருசுமுத்துவின் விடயத்தைக் கவனிக்கும் அலுவலரின் பெயர் பிர்கிட். நாற்பது வயதிருக்கும். கெட்டவள் அல்லள், மூவருக்கும் எழுந்து கை கொடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள். குருசுமுத்துவின் வலக்கை நெஞ்சுயரத்துக்கு மட்டும் எழுந்து அவள் கையைப் பற்றியது. அந்த உயரம் கை குலுக்கப் போதுமானதாக இருந்துவிட்டது. பிறகு அவள் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

காணொளி ஓடிற்று. முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும்படி அதை யாரோ அமைத்திருந்தார்கள். திரையில் குருசுமுத்து வீசினார். சீலை விரிந்து விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி. பேச்சு நடந்த நேரமெல்லாம் அவர் திரையில் வீசிக்கொண்டே இருந்தார்.

இது நீங்கள்தானா என்று பிர்கிட் கேட்டாள். அவர் ஆம் என்றார். பின்னால் புல்லில் கிடப்பவை வண்டியின் இருக்கைகளா? ஆம். பத்திரிகையில் எழுதியிருப்பதுபோல, வண்டியின் உட்புறத்தை நீங்கள்தான் செய்தீர்களா? றொனிஷன் இடையில் புகுந்து வேகமாக ஏதோ சொல்லத் தொடங்க, அப்பாவே பதில் சொல்லட்டும் என்று அவள் பணிவாகத் தடுத்தாள்.

“நான்தான்,” என்றார் குருசுமுத்து.

“இன்றைக்குத் தோள் எப்படி இருக்கிறது?”

அவர் முதுகை நிமிர்த்தி, கழுத்துப்பட்டியை இடக்கையால் ஒருமுறை தொட்டுச் சரிசெய்தார்.

“தெ கோர் கொட்.”

பிர்கிட் அதைத் தட்டெழுதினாள். விசைகளின் ஓசை நின்றது. இவ்வளவும் தன் கண்முன்னே நடந்து முடிந்துவிட்டதைப் பவளராணி உணர்ந்தாள். இன்னும் இரண்டு கேள்விகள். பிறகு எழுந்து கை கொடுப்பார்கள். கணவர் நல்ல கோட்டோடு களஞ்சியத்துக்குப் போவார்.

“நான் கதைக்கலாமோ?” என்று அவள் டேனிஷில் கேட்டாள்.

பிர்கிட் தலையசைத்தாள்.

பவளராணி கணவரைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கண்ணீர் இல்லை, வேண்டுதல் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடியும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிவைக்கும் குறிப்பைப் போலவே அவளுடைய சொற்கள் வந்தன. இருபத்தோராண்டு எழுதிய டேனிஷ் அது. அதில் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது.

“வலக்கை நெஞ்சுக்கு மேலே எழாது. இடக்கையால் கரண்டி பிடிப்பார். இறைச்சியை நான் வெட்டிக் கொடுக்க வேண்டும். உடம்பின் மேற்பகுதியைக் கழுவ முழு உதவி. கீழ்ப்பகுதிக்கும் முழு உதவி. தலை வாருவது, சவரம் செய்வது, நான். சட்டைப் பொத்தான், நான். காற்சட்டை, நான். காலுறை, சப்பாத்து, நான்.” அவள் சற்று நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லாமல் விடலாம் என்ற எண்ணம் வந்து போனது. “மலசலகூடத்துக்குப் போனபின் துடைப்பதற்கும் உதவி. ஒரு நாளைக்கு ஒரு தடவை. நான் வேலையில் இருந்தால், நான் வரும்வரை போகாமல் இருப்பார்.”

குருசுமுத்து அசையவில்லை. அவருடைய டேனிஷ் குறைவுதான். ஆயினும் இவ்வளவையும் விளங்கிக்கொள்ளப் போதுமானது. றொனிஷன் தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்தான். அதே வீட்டில் வாழ்கிறவன். தாழிட்ட கதவின் அப்புறத்தில் காலைதோறும் என்ன நடக்கிறது என்று அவன் கேட்டதும் இல்லை; அவர்கள் அறியவிட்டதும் இல்லை.

“வண்டி இருக்கைகளை நான் கழற்றினேன். மகன் தூக்கினான். அவர் கதிரையில் இருந்தார். அந்தச் சீலை என்னுடையது. அதை எறிந்தது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு பதினொரு நாள் நான் ஊட்டினேன். இன்றைக்கு எட்டரை மணிக்கு இரண்டு குளிசை போட்டிருக்கிறார், உங்கள் முன்னால் நேராக இருப்பதற்கு. பதினொன்றுக்குப் பிறகு அது விட்டுப் போகும். காத்திருந்தால் நீங்களே பார்க்கலாம்.”

பிர்கிட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாக இருபது நிமிடம் இருந்தது. அவள் கை நீட்டிக் காணொளியை நிறுத்தினாள். சீலை அரைவாசி விரிந்தபடி திரையில் நின்றது.

“குருசுமுத்து,” என்றாள். அன்று முதன்முறையாக அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். உச்சரிப்புச் சிதைந்துதான் வந்தது. “உங்கள் மனைவி சொல்வது சரியா?”

அவர் திரையில் நின்ற சீலையைப் பார்த்தார். இல்லையென்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். பவளராணி பேசிய அத்தனையும் கணவருக்கு ஓய்வூதியம் வாங்க மனைவி புனைந்த கதையாகிவிடும். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டென்றே அவளுக்குத் தோன்றியது. மூன்று பேர் நடுவில் அவரை உரித்து வைத்தவள் அவள். கோட்டையும் கழுத்துப்பட்டியையும் அணிவித்த அதே கைகளால், இரண்டு மணி நேரத்துக்குள்.

“ஓம்,” என்றார் குருசுமுத்து. பிறகு பிர்கிட்டுக்கு விளங்காது என்பது நினைவுக்கு வர, டேனிஷில் சொன்னார்: “யா.”

பிர்கிட் முன்பு எழுதியதை அழித்தாள். அது அவர்களுக்கும் தெரிந்தது. திரை அவர்கள் பக்கம் திரும்பியே இருந்தது. பிறகு சொன்னாள்: காணொளியை ஆதாரமாகக் கொள்ளப் போவதில்லை, வேலைச் சோதனை இல்லை, மனைவி சொன்னதை எழுத்தில் சேர்த்து, ஓய்வூதியப் பரிந்துரையை மறுபடி முன்னே அனுப்புவாள், அதை உறுதிப்படுத்த ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், முடிவு ஆறு வாரத்தில் வரும். கிடைக்கும் என்றுதான் தான் நினைப்பதாகவும் சொன்னாள். இவ்விவரங்களை முன்னரே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டாள். எவரும் முன்னரே அவ்வாறு கேட்டதில்லை. குருசுமுத்துவிடம் சுகம் மட்டுமே விசாரித்தார்கள்.

வாசலில் றொனிஷன் தகப்பனுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடையில் அவனுக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை. அது அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. போகிறேன் என்று சொல்ல வந்தவன், அதைச் சொல்லாமல், அப்பாவின் கோட்டுக் கழுத்தை ஒருமுறை மெல்ல நீவிவிட்டுப் போனான். அவர் தடுக்கவில்லை.

வண்டியில் ஏற நெடுநேரம் எடுத்தது. குளிசை விட்டுக்கொண்டிருந்தது. இடக்கையால் கைப்பிடியைப் பற்றி, மெத்தையில் அமர்ந்து, உடம்பை முன்பக்கம் திருப்பும்போது அவருடைய பற்கள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. பவளராணி இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினாள். நீள்தலையணையை வலக்கையின் கீழ் நகர்த்திவைத்தாள். சுற்றி வந்து தன் இருக்கையில் ஏறி, திறப்பைத் திருப்பி வண்டியைக் கிளப்பாமல் இருந்தாள். மன்னிப்புக் கேட்டால், சொன்னது பிழை என்றாகும். கேட்காமல் விட்டால், அவர் இனி அவளுடைய முகத்தைப் பார்ப்பாரோ என்ற அச்சம்.

தரிப்பிடத்தில் ஒரு மூதாட்டி நாயோடு மெல்ல நடந்து போனாள். அவள் தெருமுனையைக் கடந்து மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ராணி.”

“ம்.”

“நீ சொன்னதில ஒண்டு பிழை.”

அவள் திரும்பினாள். அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எது?”

“காற்சட்டை. அது நான்தான் போடுறனான்.”

அன்று காலையும் அவள் படுக்கையறைத் தரையில் முழங்காலிட்டு, முதலில் இடக்காலையும் பிறகு வலக்காலையும் தூக்கிக் காற்சட்டைக்குள் விட்டு, இடுப்புவரை இழுத்து, பட்டியை இறுக்கியிருந்தாள். முழங்கால்களில் அந்த வலி இன்னும் இருந்தது. மழைத் துளிகள் கண்ணாடியில் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்கின.

“ஓம்,” என்றாள். “அது நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“அந்தப் பிள்ளை எழுதியிருக்கும்.”

“நாளைக்கு நான் எழுதி அனுப்பிறன், அதை மாத்தச் சொல்லி.”

அவர் தலையசைத்தார். பிறகு தலையை இருக்கையில் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். அவள் வண்டியை எடுத்தாள்.